செயற்கைப் பல்வேரும் அச்செடுக்கும் நுட்பமும்

"பல்லுப் போனாற் சொல்லுப் போச்சு" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. இதன் உண்மையைத் தமிழிலக்கணம் பயின்றோர் நன்கறிவர். தகரமும் நகரமும் நாவின் நுனி பரந்து மேல்வாய்ப் பல்லின் அடியைப் பொருந்தப் பிறப்பன என்றும், வகரம் பல்லும் இதழும் இயையப் பிறப்பது என்றும் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைத்தார். ஆகவே முன்வாய்ப் பற்களை இழந்தார்க்குச் சில எழுத்துக்கள் பிறக்குமிடமே இல்லாதொழிகின்றது. மெல்லும் ஆற்றல் குறைவதும், கன்னம் ஒட்டி முகம் தளர்வதும், நாலுபேர் கூடிய இடத்தில் வாய்விட்டுச் சிரிக்கக் கூசுவதும் இதனோடு சேர்ந்து வருவன.

நமது கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று அறுபதும் எழுபதும் கடந்தவர்கள். அவருட் சிலர் உள்ளூரிலும் சிலர் கடல் கடந்த நாடுகளிலும், கழற்றி மாட்டும் பல்லுக்குப் பதிலாக, எலும்பிற் பதித்த வேரின்மேற் பல்லுக் கட்டுவித்துக்கொள்கின்றனர். செலவோ பெரிது, செல்ல வேண்டிய தடவைகளோ பல. "ஒருமுறை அளவெடுத்தாற் போதாதா? ஏன் மறுபடியும் எடுக்கிறார்கள்?" என்று அவர்கள் கேட்பதுண்டு. அவ்வினாவுக்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வைத்தியப் பொருளைத் தமிழாசிரியர் எழுதப் புகுதல் தகுமோ எனின், தகும் என்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் வாழ்ந்த வைத்தியர் கிறீன் மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தார். அந்நெறியை விடாது காத்தல் நம் கடன். அன்றியும், இப்பொருளின் உயிர்நிலை பிரதிசெய்தல் என்னும் தொழிலாகும். ஏட்டைப் பார்த்து ஏடெழுதும்போது பிழை எங்ஙனம் புகும், எங்ஙனம் பெருகும், எங்ஙனம் களையப்படும் என்பதைத் தமிழ் கற்றார் அறிவர். அவ்வறிவு ஈண்டும் பயன்படும்.

செயற்கை வேர் யாது?

பல் வைத்தியர்கள் "இம்பிளான்ற்" என்று வழங்கும் செயற்கை வேர், தைத்தானியம் என்னும் உலோகத்தாற் செய்த சிறு திருகாணியாகும். நமது புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் உள்ள இல்மனைற்று முதலிய தாதுக்களில் அடங்கியிருப்பதும் இவ்வுலோகமே. சுவீடன் நாட்டு ஆய்வாளராகிய பெர் இங்வார் பிறனமார்க் என்பவர், 1952ஆம் ஆண்டளவில் எலும்பினுள் நிகழும் இரத்தவோட்டத்தை ஆராய்தற்பொருட்டு முயலின் கால் எலும்பினுள் தைத்தானியத்தாலான நுண்கருவியொன்றைப் பதித்தார். ஆய்வு முடிந்தபின் அதனைக் கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அவ்வுலோகத்தோடு ஒன்றி வளர்ந்திருந்தது. இதன் பயனை உணர்ந்த அவர் பல்லாண்டு ஆராய்ந்து, 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் கீழ்த்தாடையிற் செயற்கை வேர்களைப் பதித்தார். அவ்வேர்கள் அம்மனிதரின் வாழ்நாள் முழுவதும், ஏறத்தாழ 40 ஆண்டுகள், நிலைத்து நின்று பயன்பட்டன.

எலும்பில் வேர் ஊன்றியதும் வேலையிற் பாதியே முடிகின்றது. அவ்வேர்மீது பல்லைக் கட்ட வேண்டும். பல் செய்யப்படுவது வாயினுள் அன்று, தொழினுட்பவியலாளரின் பட்டறையிலாகும். எனவே வாயில் வேர் நிற்கும் நிலையை ஒரு பிரதியாக்கிப் பட்டறைக்கு அனுப்புதல் வேண்டும். அப்பிரதியைச் செய்யும் செயலே அச்செடுத்தல் எனப்படும்.

நுட்பம் ஏன் வேண்டும்?

இயற்கைப் பல்லுக்கும் அளவெடுத்து மூடி செய்வதுண்டு. ஆனால், இயற்கைப் பல்லின் வேரும் எலும்பும் நேரே ஒட்டியிருப்பன அல்ல. இரண்டற்கும் இடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள நார்ப்படலம் ஒன்று உண்டு. அது மெத்தை போன்றது. மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு கூறு மைக்கிரோமீற்றர் எனப்படும்; நமது தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்கிரோமீற்றராகும். கடிக்கும்போது இயற்கைப் பல் அம்மெத்தையில் 100 மைக்கிரோமீற்றர் வரையும் அசைந்து கொடுக்கவல்லது. ஆதலால், கட்டிய பல்லிற் சிறு வழு இருப்பினும் இயற்கை வேர் காலப்போக்கில் இடம்பெயர்ந்து இணங்கிக்கொள்ளும்.

செயற்கை வேருக்கு இம்மெத்தை இல்லை. எலும்போடு நேரே ஒன்றியிருத்தலின் அது நெட்டாகச் சில மைக்கிரோமீற்றரே அசையும். இடம்பெயர்ந்து இணங்குதல் அதற்கு இயலாது. நான்கு வேர்களை ஒரே உலோகச் சட்டத்தாற் பிணைக்கும்போது, சட்டத்தின் துளைகள் வேர்களின் தலைகளுக்குச் சரியாக நேர்ப்படாவிடினும், திருகாணியை முடுக்கினால் அது வந்து படியத்தான் செய்யும். பார்ப்பவர்க்குப் பொருத்தம் செவ்விதாகவே தோன்றும். ஆனால், வளைந்த சட்டத்தின் இழுவிசை திருகாணியிலும் வேரிலும் எலும்பிலும் இரவும் பகலும் தங்கிநிற்கும். மாதங்கள் சென்றபின் திருகாணி தளரலாம் அல்லது முறியலாம், மேற்பூசிய பீங்கான் வெடிக்கலாம், சட்டமும் பிளவுறலாம். பெரும்பொருள் செலவிட்டு, பல மாதம் பொறுத்து, மீண்டும் நன்றாக உண்ணத் தொடங்கிய முதியவர் ஒருவர்க்கு இதனினும் பெருந்துயர் எது?

ஆகவே, முடுக்காத நிலையிலும் இழுவிசையின்றித் தானே அமரும் பொருத்தம் வேண்டும் என்பது இத்துறையின் முதல் விதி. எவ்வளவு வழுவைப் பொறுக்கலாம் என்பதில் அறிஞர் ஒருமித்திலர். 1983இல் பிறனமார்க் 10 மைக்கிரோமீற்றர் என்றார். 1991இல் யெம்ற் என்னும் மற்றொரு சுவீடன் ஆய்வாளர் 150 மைக்கிரோமீற்றர் வரையும் நெடுநாளைய தீங்கின்றி ஏற்கலாம் என்றார். இவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. எனினும், தலைமயிர் ஒன்றிரண்டின் அளவுக்குள்ளேயே இவ்வழக்கு நடைபெறுகின்றது என்பது கருதத்தக்கது.

பிரதியின் பிரதி

வாயிலிருந்து முதலில் எடுப்பது பள்ளமான எதிரச்சு. அதனுட் சாந்து வார்த்துப் பெறுவது மேடான படிவம். படிவத்தின்மேற் செய்வது மெழுகு உரு. மெழுகை உருக்கி நீக்கி அவ்விடத்தில் உலோகம் வார்ப்பது அடுத்த படி. நமது கோயில்களின் ஐம்பொன் திருவுருவங்களை வார்ப்பதும் இம்முறையே. இவ்வாறு பிரதியைப் பார்த்துப் பிரதி, அப்பிரதியைப் பார்த்து மற்றொரு பிரதி எனச் செல்லுமிடத்து, முதற் பிரதியிற் புகுந்த பிழை கடைசி வரையும் தொடர்ந்து வரும். இந்நாளில் மெழுகும் வார்ப்பும் இன்றி, கணினி வழிநடத்தும் கருவி உலோகத்தைக் கடைந்தெடுப்பதும் பெருவழக்காயிற்று. அதனாற் சில படிகள் குறைந்தன. ஆயினும் முதற் பிரதி பிழையாயின், கருவி அப்பிழையையே மிகச் செம்மையாகக் கடைந்து தரும்.

எண்ணால் ஒருகால் நோக்குவோம். தாடையின் ஒரு புறத்து வேருக்கும் மறுபுறத்து வேருக்கும் இடையே 50 மில்லிமீற்றர் தூரம் உளதெனக் கொள்வோம். அச்செடுத்த பொருள் 0.1 சதவீதம் சுருங்கினால், அத்தூரத்தில் 50 மைக்கிரோமீற்றர் குறையும். படிவம் வார்க்கும் உயர்தரச் சாந்து இறுகும்போது சிறிதளவு விரியும்; அவ்விரிவு 0.15 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்பது சருவதேச நியமம். சுருக்கமும் விரிவும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்யும். ஆனால், அவ்வீட்டினை நம்பித் தொழிலைச் செம்மையின்றிச் செய்தலாகாது.

இனி, முக்கியமான நுட்பமொன்று உண்டு. இயற்கைப் பல்லுக்கு அச்செடுக்கும்போது அப்பல்லின் வடிவமே வேண்டப்படுவது. செயற்கை வேரின் வடிவமோ தொழிற்சாலையில் முன்னரே அமைந்தது. அதனை அறிய அச்சு வேண்டியதில்லை. வேண்டப்படுவன மூன்று: அவ்வேர் எவ்விடத்தில் நிற்கின்றது, எத்திசையிற் சாய்ந்துள்ளது, தன் அச்சில் எவ்வளவு திரும்பியுள்ளது என்பன. ஓவியன் மரத்தை வரைவது வேறு. நில அளவையாளன் எல்லைக் கல்லின் இடத்தைக் குறிப்பது வேறு. ஈண்டு வைத்தியர் செய்வது நில அளவையாளனின் தொழிலாகும்.

அச்செடுக்கும் பொருள்கள்

முற்காலத்தில் மெழுகும் பாரிசுச் சாந்தும் அச்செடுக்கப் பயன்பட்டன. 1857இல் இலண்டன் பல் வைத்தியர் சார்ள்ஸ் ஸ்ரென்ற், சூட்டில் இளகும் கலவையொன்றை ஆக்கினார். இன்று இருதயக் குருதிக்குழாயுள் வைக்கும் "ஸ்ரென்ற்" என்பதன் பெயர் இவர் பெயரினின்றும் வந்ததென்பர். பின்னர், கடற்பாசியிலிருந்து பெறப்படும் ஏகார் பயன்பட்டது. கற்பிட்டிக் கடனீரேரியிலும் யாழ்ப்பாணக் கடலிலும் விளைந்து "இலங்கைப் பாசி" என மேனாட்டார் பெயரிட்டு வாங்கிய பாசியும் ஏகார் தரும் இனத்தைச் சேர்ந்ததே. இரண்டாம் உலகப்போரில் யப்பானிய ஏகார் கிடையாதொழிய, வேறு பாசியிலிருந்து எடுக்கும் அல்சினேற்று அதன் இடத்தைப் பிடித்தது. இவை நீர் மிகுந்த பொருள்கள். காற்றில் வைத்தால் நீரிழந்து சுருங்கும். நீரில் வைத்தால் ஊறிப் பருக்கும். ஆதலின் செயற்கை வேருக்குரிய இறுதி அச்சுக்கு இவை ஏலா.

இன்று பெரிதும் கையாளப்படுவன இரண்டு. ஒன்று, 1965இல் சேர்மனியில் வெளிவந்த பொலியீதர். மற்றையது, 1970களில் வந்த சேர்ப்பு வகைச் சிலிக்கோன். பொலியீதர் இறுகியபின் விறைப்பு மிக்கது. பதித்த உலோக முளைகளை அசையவிடாது பிடித்துக்கொள்ளும். ஆயின் அவ்விறைப்பினாலேயே, பற்கள் எஞ்சியுள்ள வாயினின்றும் அதனைக் கழற்றுதல் சிறிது கடினம். ஈரத்தையும் அது உறிஞ்சும். சிலிக்கோன் எளிதிற் கழலும்; இழுத்து விட்டாற் பழைய வடிவத்தை முற்றும் போல மீளப்பெறும்; நாட்பட வைத்தாலும் அளவு மாறாது. இரண்டும் ஏற்றனவே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு.

சிலிக்கோன் பற்றி நம் நாட்டார் அறியத்தக்க செய்தி ஒன்று உண்டு. நம் நாட்டில் விளையும் இறப்பர்ப் பாலினாற் செய்த கையுறையை அணிந்துகொண்டு இச்சிலிக்கோனைக் கையாற் பிசைந்தால் அது இறுகாமற் போகலாம். கையுறையில் எஞ்சிய கந்தகச் சேர்வைகள் சிலிக்கோனை இறுகச்செய்யும் பிளாற்றினத்தின் ஆற்றலைக் கெடுத்துவிடும். ஆதலால் வைத்தியர் வேறு பொருளாலான கையுறையை அணிவர். நமது வெப்பமும் கருதத்தக்கதே. சூடு கூடினால் இப்பொருள்கள் விரைந்து இறுகும்; வேலைசெய்யக் கிடைக்கும் நேரம் குறையும்.

மூடிய தட்டும் திறந்த தட்டும்

அச்செடுக்கும் முறைகள் இருவகைப்படும். இரண்டிலும் முதலில் செயற்கை வேரின் தலையில் உலோக முளையொன்று திருகப்படும். அதனை அச்சுமுளை என்போம்.

மூடிய தட்டு முறையில், சாதாரண தட்டில் அச்சுப்பொருளை நிரப்பி வாயில் வைத்து, இறுகியபின் எடுப்பர். அச்சுமுளை வாயிலேயே நின்றுவிடும். பின் அதனைக் கழற்றி, வேருக்குப் பதிலாய் நிற்கும் போலிவேர் ஒன்றிற் பூட்டி, எதிரச்சில் அம்முளை விட்ட பள்ளத்தில் மீண்டும் செருகுவர். இது எளிது, விரைவு. வாயை அகலத் திறக்க இயலாதார்க்கும், கடைவாயிற் கருவி எட்டாதவிடத்தும் ஏற்றது. ஆனால், மீளச் செருகும்போது முளை முன்னிருந்தபடியே அமரும் என்பதற்கு உறுதியில்லை. ஒரு சொல்லைப் பெயர்த்தெடுத்து மறுபடி வரியிற் சேர்ப்பவன் இடம் பிறழச் சேர்ப்பது போல்வது இது.

திறந்த தட்டு முறையில், தட்டின் மேற்புறத்தே சாளரம் ஒன்று வெட்டப்பட்டிருக்கும். அச்சுமுளையைப் பிடித்திருக்கும் நீண்ட திருகாணியின் தலை அச்சாளரத்தின் வழியே வெளித்தோன்றும். பொருள் இறுகியதும் முதலில் அத்திருகாணியைத் தளர்த்திவிட்டுத் தட்டை எடுப்பர். அச்சுமுளை எதிரச்சினுள்ளேயே பதிந்தவாறு உடன் வரும். மீளச் செருகும் பிழை இதில் இல்லை. எனினும், போலிவேரைப் பூட்டும்போது திருகாணியை வலிந்து முடுக்கினால் முளை சிறிது சுழன்றுவிடக் கூடும். ஆதலால் போலிவேரைக் கருவியாற் பற்றிக்கொண்டு முடுக்குதல் வேண்டும்.

எது செம்மையானது? 2008ஆம் ஆண்டிலும் 2014ஆம் ஆண்டிலும் வெளிவந்த தொகுப்பாய்வுகள் பல சோதனைகளை ஒப்புநோக்கின. வேர் மூன்றோ அதனிற் குறைவோ ஆயின் இருமுறைக்கும் வேற்றுமை பெரிதன்று. நான்கும் அதற்கு மேலும் ஆயின், சிறப்பாகப் பல்லே இல்லாத தாடையில், திறந்த தட்டு முறையே மேலானது என்பது அவற்றாற் பெறப்படும். வேர்கள் ஒன்றுக்கொன்று மிகச் சாய்ந்து நிற்பினும் பிழை கூடும். ஏனெனிற் பல திசையிற் சாய்ந்த முளைகளினின்றும் எதிரச்சைக் கழற்றும்போது அது வளையவும் நீளவும் நேரும். இச்சோதனைகளுட் பெரும்பாலன வாயிலன்றிப் படிவங்களிற் செய்யப்பட்டவை என்பதையும் மறத்தலாகாது. உமிழ்நீரும் நாவும் இல்லாத படிவம் எப்பொழுதும் நல்ல பிள்ளையே.

முளைகளைப் பிணைத்தல்

பல வேர்களுள்ள விடத்து அச்சுமுளைகளைத் தனித்தனி விடாது, அச்செடுக்குமுன் வாயிலேயே ஒன்றோடொன்று பிணைத்துவிடுதல் நல்லது என்பது பலர் கொள்கை. முளைகளுக்கிடையே நூலைக் கட்டி, அந்நூலின்மேல் தானே இறுகும் பிசினைத் தடவி, பாலம்போல ஆக்குவர். பின் முளைகள் தம்முள் அசையா.

ஈண்டும் ஓர் இடர் உண்டு. அப்பிசினும் இறுகும்போது சுருங்கும். ஒரு நாளில் அதன் பருமன் 6 முதல் 8 சதவீதம் வரை குறைவதையும், அச்சுருக்கத்தில் ஐந்திலே நான்கு பங்கு முதல் 17 நிமிடத்துள் நிகழ்வதையும் 1990இல் ஆய்வாளர் அளந்து கண்டனர். முளைகளைப் பிடித்து நிறுத்த வந்த பாலமே அவற்றை இழுத்து இடம்பெயர்த்தால் என் செய்வது? விடை எளிது. பாலத்தை முன்னரே செய்து, இறுகிச் சுருங்கவிட்டு, பின் மெல்லிய தகட்டால் இடையிடையே அறுத்துவிடுவர். வாயிற் பூட்டியபின் அவ்விடைவெளிகளை மட்டும் சிறிதளவு பிசினால் மீள ஒட்டுவர். ஒட்டும் பிசின் சிறிதாதலிற் சுருக்கமும் சிறிதாகும். நோயாளி நீண்டநேரம் வாய்திறந்து பொறுத்திருப்பதன் காரணம் இதுவே. அப்பொறுமை வீண்போவதன்று.

ஒளியால் எடுக்கும் அச்சு

சூரிச்சு நகரத்து மேர்மான் என்பார் 1985இல் வாயினுள் ஒளிப்படம் எடுத்துக் கணினியின் துணையால் ஒரே அமர்வில் பல்லடைப்புச் செய்துகாட்டினார். அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய ஒளிவருடி. சிறு கோல்போன்ற அக்கருவியை வாயினுள் நகர்த்த, அது நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி முழுவுருவாக்கும். அச்சுமுளைக்குப் பதிலாக, வடிவம் அறியப்பட்ட அடையாளமுளை வேரிற் பூட்டப்படும். பிசினும் இல்லை, சாந்தும் இல்லை, குமட்டலும் இல்லை.

ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. ஒரு முழக் கோலால் நெடுவேலியை அளப்பவர், கோலை ஒவ்வொருமுறை எடுத்து வைக்கும்போதும் இம்மியளவு தவறுவர். வேலியின் கோடி சேரும்போது அத்தவறு ஒன்றுகூடி, அடுத்த வளவுக்காரரோடு வழக்காடும் அளவுக்கு வளரும். படத்தோடு படம் பொருத்தும் ஒளிவருடியும் அத்தகையதே. ஓரிரு வேர்கள் அருகருகே நிற்குமிடத்து இது பழைய முறைக்கு இளைத்ததன்று. பல்லே இல்லாத முழுத்தாடையில், ஈறு எங்கும் ஒரேவகையாய் வழவழப்பாயிருத்தலின், படத்தைப் பொருத்த அடையாளமின்றிக் கணினி மயங்கும். அவ்விடத்துப் பெரிதும் எச்சரிக்கை வேண்டும். இக்குறையை நீக்க, வேர்கள் யாவற்றின் நிலையையும் வாய்க்கு வெளியே நிற்கும் ஒளிப்படக் கருவியால் ஒருங்கே அளக்கும் முறையும் இந்நாளிற் கையாளப்படுகின்றது.

பிரதியைச் சரிபார்த்தல்

சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் பழைய நூல்களைப் பதிப்பித்தபோது ஓர் ஏட்டை மாத்திரம் நம்பாமற் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினார்கள். நல்ல வைத்தியரும் அவ்வாறே செய்வர். படிவம் கிடைத்ததும் அதன்மேற் சோதனைச் சட்டம் ஒன்றைச் செய்து வாயில் வைத்துப் பார்ப்பர். சிலர் அதனைச் சாந்தினாலேயே செய்வர். உலோகம் வளைந்து கொடுத்துப் பிழையை மறைக்கும். பிசினும் சிறிது வளையும். சாந்துக்கோ வளையத் தெரியாது. பொருந்தினால் இருக்கும், பொருந்தாவிட்டால் முறியும். பொய் சொல்லத் தெரியாத சாட்சி அது.

உலோகச் சட்டம் வந்தபின் ஒற்றைத் திருகாணிச் சோதனை நடைபெறும். ஒரு கோடியிலுள்ள திருகாணியை மட்டும் முடுக்கிவிட்டு, மறுகோடியிற் சட்டம் வேரினின்றும் மேலெழுகின்றதா என்று பார்ப்பர். ஈற்றுக்குக் கீழுள்ள இடத்தை எக்ஸ் கதிர்ப் படத்தால் நோக்குவர். இடைவெளி தோன்றினாற் சட்டத்தை அறுத்துச் சரிப்படுத்தி மீள ஒட்டுவர், அல்லது அச்சை மறுபடி எடுப்பர்.

"ஏன் மறுபடியும்?" என்னும் வினாவுக்கு விடை இதுவே. மறுமுறை அச்செடுக்கும் வைத்தியர் தொழில் அறியாதவர் அல்லர். தம் பிரதியைத் தாமே ஐயுற்று ஆராய்பவர். பல வேர்களின்மேற் பல்லுக் கட்டுவிக்கும் அன்பர்கள் அவரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காது கேட்கலாம்: எம்முறையால் அச்செடுக்கிறீர்கள்? முளைகளைப் பிணைப்பீர்களா? பல்லை இறுதியாய்ப் பூட்டுமுன் சட்டத்தின் பொருத்தத்தை எவ்வாறு சோதிப்பீர்கள்? செம்மையான தொழிலாளர் எவரும் இவற்றிற்கு மகிழ்ந்தே விடையிறுப்பர்.

நமது கல்லூரியிற் கற்று இன்று பல் வைத்தியராயும், அவர்க்குப் பின்னே பெயர் தோன்றாது உழைக்கும் பற்றொழினுட்பவியலாளராயும் விளங்குவோர் இக்கட்டுரையை வாசிப்பாராயின், அவர்க்கு ஒரு வேண்டுகோள். நோயாளிக்கு இந்நுட்பங்களைத் தமிழில் எடுத்துக் கூறுங்கள். மயிரிழையின் அளவுக்காக நீங்கள் படும் பாட்டை அவர் அறிந்தால், அரைமணி நேரம் வாய்திறந்திருப்பதை ஒரு பாரமாகக் கொள்ளமாட்டார்.